டான்சானியாவுக்கு ஆசிரியப் பணிக்குப் போகும் நம் ஊர் சிஸ்டர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: தங்கை வேதியியலும் பி.எட்.டும் முடித்தவர். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்துவிட்டார். ஜனவரியில் இரிங்கா பக்கம் மேட்டுநிலத்தில் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். "ஆங்கில வழிப் பள்ளிதான், மொழிப் பிரச்சினை இருக்காது" என்று சபையில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நாள் எப்படிப் போகும், என்ன கொடுத்தனுப்புவது என்று கேட்கிறீர்கள்.

அந்த "மொழிப் பிரச்சினை இருக்காது" என்ற ஒரு வரிக்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டான்சானியாவில் அரசுத் தொடக்கப் பள்ளி முழுக்க சுவாஹிலி வழி. ஆங்கிலம் அங்கே ஒரு பாடம் மட்டுமே. ஃபார்ம் 1 (உயர்நிலைப் பள்ளியின் முதல் வகுப்பு) வந்ததும் இயற்பியல், வேதியியல், வரலாறு எல்லாம் ஒரே நாளில் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். ஜனவரியில் முதல் பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு உங்கள் தங்கை பேசுவதில் கால்வாசிகூடப் புரியாது. இது வகுப்பறைக்குள். வெளியே சமையற்காரர், காவலாளி, பெற்றோர், மருந்தகம், சந்தை, ஞாயிறு திருப்பலி, ஆசிரியர் அறைப் பேச்சு எல்லாமே சுவாஹிலிதான். மொழி தெரியாத சிஸ்டர் இரண்டே மாதத்தில் கான்வென்டுக்கும் வகுப்புக்கும் நடுவில் மட்டும் நடமாடுகிறவராக ஆகிவிடுவார்.

விக்டோரியா ஏரிக்கரையில் முசோமாவுக்குப் பக்கத்தில் மகோகோ என்ற இடத்தில் மேரிநோல் என்ற அமெரிக்க மறைப்பணிச் சபைக் குருக்கள் தொடங்கிய மொழிப் பள்ளி இருக்கிறது. தபோராவுக்கு அருகே கிபலபலா என்ற இடமும் மறைப்பணியாளர்களுக்குப் பழக்கமானதுதான். ஏறக்குறைய நான்கு மாதப் பயிற்சி. எழுத்து ரோமன் எழுத்து, எழுதியபடியே வாசிக்கலாம். நம்மவர்களைப் படுத்துவது பெயர்ச்சொல் வகுப்புகள்தான். பெயருக்குத் தகுந்தபடி வினையும் அடையும் முன்னொட்டு மாற்றிக்கொள்ளும், அது நாவில் படிய மாதங்கள் ஆகும். சபையிடம் இதைக் கேளுங்கள்: ஜனவரியில் போய் மே வரை மொழிப் பள்ளி, ஜூலைப் பருவத்தில் வகுப்பு. "முதலில் வேலையில் சேரட்டும், விடுமுறையில் படித்துக்கொள்ளலாம்" என்றால் அந்த விடுமுறை வரவே வராது. டிசம்பர் விடுமுறையில் விடைத்தாளும் கணக்கு முடிப்பும் சேர்க்கைத் தேர்வும் காத்திருக்கும்.

இதில் எனக்கு ஒரு ஆதங்கம், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். நம் கோயில் பங்குகளில் மறைப்பணிக்குப் போகிறவருக்கு வழியனுப்பு விழா வைக்கிறோம். ஃபிளெக்ஸ், பொன்னாடை, அன்பியத்துக்கு (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழு) ஒரு மாலை, பிரியாணி. அந்தச் செலவில் மொழிப் பள்ளிக் கட்டணத்தில் கணிசமான பகுதி தேறும். ஆப்பிரிக்காவில் பொன்னாடையை வைத்து என்ன செய்வது? கட்டணம் கட்டித்தருகிறோம் என்று ஒரு பங்கு சொன்னால் சபையும் மறுக்க வாய்ப்பில்லை. சொல்லத்தான் ஆளில்லை.

சரி, நாள் கணக்குக்கு வருவோம். முதல் வாரமே குழப்புவது கடிகாரம். சுவாஹிலியில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு மணி என்பது "சா மோஜா", அதாவது ஒரு மணி. "சா ம்பிலி (இரண்டு மணி) கூட்டம்" என்றால் காலை எட்டுக்கு. சொன்ன எண்ணோடு ஆறு கூட்டிக்கொள்ள வேண்டும். பேருந்து நிலையத்தில் மட்டும் கூட்டிவிட்டு நிற்காமல், "காலையா, மாலையா" என்றும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பன்னிரண்டு மணி வண்டி என்பது விடியற்காலை ஆறு மணி வண்டியாக இருக்கும்.

கான்வென்டில் ஐந்தேகாலுக்குக் காலை மன்றாட்டு, ஆறு அல்லது ஆறரைக்குத் திருப்பலி, ஏழேகாலுக்குப் பள்ளி முற்றத்தில் வரிசை. இது இல்லத்துக்கு இல்லம் கொஞ்சம் மாறும். பாடவேளை 40 நிமிடம், அறிவியலுக்கு இரண்டை ஒட்டி 80. பத்து மணி வாக்கில் மாணவர்களுக்கு ஊஜி என்ற சோளக் கஞ்சி. மாலை விளையாட்டு, தோட்டவேலை. இரவு ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை படிப்பு நேரம். அதற்கு மேற்பார்வை சிஸ்டர்கள் தலையில்தான் விழும், வீடு பக்கத்தில் என்பதால்.

வகுப்பில் முதலில் விட வேண்டியது "புரிந்ததா?" என்ற கேள்வி. நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் "யெஸ் மேடம்" என்பார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. அதற்குப் பதில் ஒரு சின்னக் கணக்கைக் கரும்பலகையில் போட்டு இரண்டு நிமிடம் கொடுத்துவிட்டு நோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தால் நிலவரம் தெரிந்துவிடும். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் பலகையின் இடது ஓரத்தில் ஐந்து புதுச் சொற்கள், அதற்குமேல் வேண்டாம். பொருளை மாணவர்கள் சுவாஹிலியில் சொல்லட்டும், அடுத்த நாள் அந்த ஐந்தையும் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும். நம் ஆங்கிலத்தின் வேகம் அவர்களுக்குப் பெரிய தடை, பாதியாகக் குறைக்க வேண்டும்.

ஏட்டுவேலை நம் ஊருக்குக் குறைந்ததில்லை. பருவம் தொடங்கும் முன் ஸ்கீம் ஆஃப் வொர்க் (எந்த வாரம் எந்தப் பாடம் என்ற திட்டம்), ஒவ்வொரு பாடத்துக்கும் லெசன் பிளான், முடித்ததைப் பதியும் லாக் புக். தரக் கண்காணிப்பு அதிகாரிகள் வந்தால் இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். ஃபார்ம் 2 முடிவில் தேசிய மதிப்பீடு, ஃபார்ம் 4 நவம்பரில் பொதுத் தேர்வு, இரண்டையும் நெக்டா என்ற தேர்வு வாரியம் நடத்துகிறது. 30 மதிப்பெண்ணுக்கு டி, 45க்கு சி, 65க்கு பி, 75க்கு ஏ. சிறந்த ஏழு பாடங்களின் புள்ளியைக் கூட்டி டிவிஷன் போடுவார்கள், ஏ என்றால் ஒரு புள்ளி, எஃப் என்றால் ஐந்து. கூட்டுத்தொகை 17க்குள் இருந்தால் முதல் டிவிஷன். பெற்றோர் சேர்க்கைக்கு வரும்போது கேட்கும் ஒரே எண் இதுதான். பாடத்திட்டமும் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. எனவே இங்கிருந்து பழைய புத்தகம் சுமந்துபோக வேண்டாம்.

வேதியியல் என்பதால் ஆய்வகத்தைப் பற்றிக் கூடுதலாகச் சொல்கிறேன். தரம்பார்த்தலுக்கு (டைட்ரேஷன்) ஒரு மாணவருக்கு 25 மில்லி வீதம் நான்கு முறை, ஆக 100 மில்லி அமிலம். நாற்பது பேருக்கு 4 லிட்டர், சிந்துவதற்கும் சேர்த்து 5 லிட்டர் தயாரிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 36 சதவீதமாக இருந்தால் 43 மில்லியைத் தண்ணீரில் மெல்ல ஊற்றி 5 லிட்டராக்கினால் 0.1 மோலார். எதிர்க்கரைசலுக்கு நீரற்ற சோடியம் கார்பனேட் 26.5 கிராம், அதுவும் 5 லிட்டருக்கு. நிறங்காட்டி மெத்தில் ஆரஞ்சு. கணக்கு சரியாக இருந்தும் செலவாகும் அமிலம் 25 மில்லிக்குப் பதில் 27, 28 என்று வருகிறதா? முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். ஆழ்துளைத் தண்ணீரில் பைகார்பனேட் இருக்கும். அது அமிலத்தில் ஒரு பங்கைக் கரைசல் தயாரிக்கும்போதே தின்றுவிடும். வாலைவடிநீர் கிடைக்காத இடத்தில் மழைநீரே கதி. முதல் இரண்டு மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, பிறகு மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்து ஆய்வகத்துக்கென்று தனியே வைக்க வேண்டும்.

பி.எட்.டில் சொல்லித்தராத வேலை ஒன்று உண்டு: சாப்பாட்டுக் கிடங்கு. சிஸ்டர் என்றாலே சாவி கைக்கு வந்துவிடும். 300 பிள்ளைகளுக்கு ஒரு வேளை உகாலி என்ற சோளக் களி கிண்ட சோளமாவு ஆளுக்கு 300 கிராம் வீதம் 90 கிலோ, கூட வேகவைக்க பீன்ஸ் 30 கிலோ. சோளத்தை அறுவடை முடிந்த ஜூன் முதல் ஆகஸ்டுக்குள் வாங்கிவிட வேண்டும். ஜனவரிக்கு விலை ஏறிவிடும். வாங்கும்போது ஈரம் பார்ப்பதுதான் முக்கியம். உலர்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கைப்பிடி சோளம், இரண்டு மூன்று கரண்டி காய்ந்த உப்பு போட்டுச் சில நிமிடம் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது, மூட்டையை இறக்கவே விடக்கூடாது. ஈரச் சோளத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு வரும், அது சமைத்தாலும் போகாது. உலர்ந்த சோளத்துக்கு எதிரி துளைக்கும் வண்டு. காற்றுப் புகாத மூன்றடுக்குப் பைகள் இதற்கென்றே விற்கிறார்கள், கட்டி வைத்தால் வண்டு மூச்சுத்திணறிச் செத்துவிடும். பையில் ஒரு ஓட்டை விழுந்தால் அத்தனையும் வீண், அதனால் எலியைக் கவனிக்க வேண்டும். பீன்ஸை முந்தின இரவே ஊறவைக்கச் சமையலறையில் பிடிவாதமாகச் சொல்லட்டும், விறகு வெகுவாக மிச்சமாகும். இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது என்று யோசித்துப் பாருங்கள்.

பிரம்பு விஷயம். அங்கே சட்டப்படி உடல்தண்டனை இன்னும் இருக்கிறது. 2002ஆம் ஆண்டு விதிகளின்படி தலைமையாசிரியரோ, அவர் எழுத்துமூலம் அனுமதித்தவரோதான் கொடுக்கலாம், நான்கு அடிக்கு மேல் கூடாது, பதிவேட்டில் எழுத வேண்டும். நடைமுறையில் யார் வேண்டுமானாலும் குச்சியோடு நடப்பார்கள். உங்கள் தங்கை அதைக் கையில் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. "ஒழுக்கம் எப்படி வரும்" என்று இங்கே சிலர் கேட்பார்கள். வேற்று நாட்டிலிருந்து வந்த ஒருவர் அந்த ஊர்ப் பிள்ளையை அடிப்பது எப்படி இருக்கும் என்று அவர்களே நினைத்துப் பார்க்கட்டும்.

அடுத்து "மதம் மாற்றத்தானே போகிறார்கள்" என்று கருத்துப் பெட்டிக்கு வரப்போகிறவர்களுக்கு. 1868இலேயே பகமோயோவில் கத்தோலிக்க மிஷன் தொடங்கிவிட்டது. கிளிமஞ்சாரோவில் 1893இலிருந்து வேலை செய்த ஜெர்மன் லூத்தரன் லைப்சிக் மிஷன், தரங்கம்பாடியில் நாம் அறிந்த அதே மிஷன்தான். இந்திய சலேசியர்கள் (தொன் போஸ்கோ சபையினர்) 1980இல் வந்தார்கள். இப்போது போகிறவர் நன்றாக வேரூன்றிய ஒரு திருச்சபையின் பள்ளியில், உள்ளூர் ஆயருக்கும் பெரும்பாலும் உள்ளூர்த் தலைமையாசிரியருக்கும் கீழே வேலை செய்கிறார். வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். அரசு 2016இலிருந்து தன் பள்ளிகளில் ஃபார்ம் 4 வரை கட்டணத்தை எடுத்துவிட்டது. அதனால் கட்டணம் வாங்கும் மிஷன் பள்ளி நல்ல ரிசல்ட் காட்டினால்தான் பிழைக்கும். நாள் முழுக்க ஓடுவது அந்தக் கவலைதான். பழைய மிஷன் காலத்தில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை, அது வேறு விவாதம்.

சனிக்கிழமை காலையில் பெரும்பாலும் ஜுமுயியா இருக்கும், நம் அன்பியம் போலத்தான். ஞாயிறு திருப்பலி இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. காணிக்கையாக வந்த கோழியையும் சோளத்தையும் பல இடங்களில் முடிந்ததும் ஏலம் விடுவார்கள், ஒன்றாவது எடுத்தால் ஊர் மகிழும். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" என்று முதலில் சொல்ல வேண்டும். தங்கையை ஊரார் "ம்ஹிந்தி" (இந்தியர்) என்பார்கள். நகரங்களில் கடை வைத்திருக்கும் குஜராத்திகளை வைத்து வந்த எண்ணம் அது. கையில் பணம் இருக்கும் என்று கடன் கேட்பார்கள். "இல்லத் தலைவியிடம் கேட்க வேண்டும்" என்ற பதில் எல்லா நாட்டிலும் செல்லும்.

புறப்படுமுன்: மஞ்சள் காய்ச்சல் ஊசி பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். விமானம் பெரும்பாலும் நைரோபி அல்லது அடிஸ் அபாபா வழி. திரும்பும்போது தடுப்பூசி அட்டை கேட்பார்கள், இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். மறைப்பணியாளருக்கான குடியிருப்பு அனுமதி "சி" வகுப்பு. பட்டத்தை அந்த நாட்டுப் பல்கலைக்கழக ஆணையமும், பள்ளிச் சான்றிதழை நெக்டாவும் சரிபார்க்க வேண்டும், அசல்கள் கையில் இருக்கட்டும். சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள், மாட்டினால் அபராதமும் வெளியேற்றமும் தங்கைக்குத்தான்.

மலேரியா மேட்டுநிலத்தில் குறைவு, ஆனால் ஏரிக்கரை மொழிப் பள்ளியில் அதிகம். காய்ச்சல் வந்த அன்றே விரல்நுனி ரத்தப் பரிசோதனை. உறுதியானால் கொடுக்கும் கூட்டுமருந்து பெரியவருக்கு 24 மாத்திரை, நான்கு நான்காக நாளைக்கு இருவேளை, மூன்று நாள், கொழுப்புள்ள உணவோடு. இரண்டாம் நாளே உடம்பு தேறிவிடும், அங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள், மீண்டும் வரும். விடுமுறைக்கு ஊருக்கு வந்து காய்ச்சலடித்தால் டாக்டரிடம் "ஆப்பிரிக்காவிலிருந்து வந்தேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லட்டும். இல்லாவிட்டால் டெங்கு என்று நினைத்துக்கொண்டு நாட்களைக் கடத்துவார்கள்.

கொடுத்தனுப்ப வேண்டியது: இரண்டு ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று பருத்திப் புடவையோடு போகிறார்கள், ஜூன் ஜூலையில் அங்கே கொடைக்கானல் குளிர். குக்கர் கேஸ்கட் நான்கு, உளுந்து, பெருங்காயம். துவரை அங்கேயே விளைகிறது, "ம்பாஸி" என்று கேட்க வேண்டும். புளி, தேங்காய், முருங்கை, முளைக்கீரை எல்லாம் கிடைக்கும். பிளக் இங்கிலாந்து வகைச் சதுர மூன்று முள், அடாப்டர் வேண்டும். பொருட்களை பிளாஸ்டிக் கேரி பையில் கட்டாதீர்கள், 2019 ஜூன் 1 முதல் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பிறகு பார்சல் அனுப்புவதாக இருந்தால் வீட்டு முகவரிக்கு யாரும் கொண்டுவந்து தர மாட்டார்கள். எஸ்.எல்.பி. என்று தொடங்கும் தபால் பெட்டி எண்ணைப் பள்ளியிடம் இப்போதே வாங்கிவிடுங்கள், அதோடு அங்கே ஒரு செல்பேசி எண்ணும் மேலே எழுதுங்கள்.