போர்டைப் பார்க்காதீர்கள், டாய்லெட்டைப் பாருங்கள்

கேள்வி: மூன்று வயதுக் குழந்தைக்கு மழலையர் பள்ளி தேடுகிறோம். இரண்டு பிடித்திருக்கிறது, அதில் ஒன்று மாண்டிசோரி. எதை வைத்து முடிவு செய்வது?

முதலில் வாசலில் மாட்டியிருக்கும் 'மாண்டிசோரி' என்ற போர்டை மறந்துவிடுங்கள். குழந்தை தானே சாதனங்களை எடுத்துச் செய்து கற்கும் முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். இன்று அவர் பெயரை யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம், பெரும்பாலான இடங்களில் கேட்க ஆளில்லை. உண்மையான மாண்டிசோரியா என்று பார்க்க மூன்று விஷயம் போதும். 3 முதல் 6 வயது வரை ஒரே வகுப்பில் கலந்திருக்கிறார்களா? காலையில் ஏறக்குறைய 3 மணி நேரம் குறுக்கே மணியடிக்காமல் விடுகிறார்களா? சாதனங்கள் குழந்தையே எடுத்து, திரும்ப வைக்கும் உயரத்தில் இருக்கின்றனவா? 40 நிமிடத்துக்கு ஒரு பீரியட், அலமாரிக்குப் பூட்டு என்றால் அது மரச்சாமான் வாங்கிப்போட்ட சாதாரணப் பள்ளி. சாதாரணப் பள்ளியாக இருப்பதில் தப்பே இல்லை, பெயருக்காகக் கூடுதல் கட்டணம் கேட்காத வரை. முறையின் ஆதரவாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம், நான் சொல்வது பெயர்ப்பலகையைப் பற்றி மட்டும்.

நேரில் போகும்போது, அவர்கள் சொல்லும் நேரத்துக்குப் போகாதீர்கள். குழந்தைகளை விட்டுச்செல்லும் நேரம் அல்லது சாப்பாட்டு நேரம் கேளுங்கள். தலைமை ஆசிரியை அறையில் செலவழிக்கும் ஒரு மணி நேரத்தைவிட வகுப்பு ஓரத்தில் 20 நிமிடம் உட்கார்ந்திருப்பது மேல். யாராவது ஒரு குழந்தை தண்ணீரைக் கொட்டும், காத்திருங்கள். டீச்சர் கத்துகிறாரா, தானே ஓடிவந்து துடைத்துவிடுகிறாரா, துணியை எடுத்துக் குழந்தை கையில் கொடுக்கிறாரா? மூன்றாவது ரகம்தான் உங்களுக்கு வேண்டியது. அழும் குழந்தையிடம் குனிந்து, முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசுகிறார்களா என்றும் கவனியுங்கள். இதெல்லாம் வசதியானவர்கள் பள்ளிக்கு மட்டும் என்று யாராவது எழுதுவீர்கள். குந்தி உட்கார்ந்து பேசக் காசு ஆகாது.

அடுத்து டாய்லெட். குழாய் குழந்தைக்கு எட்டுகிறதா, தரை ஈரமாகவே கிடக்கிறதா, தாழ்ப்பாள் உள்ளிருந்து மாட்டிக்கொள்ளும் வகையா? கழுவிவிடுபவர் யார் என்று நேரடியாகக் கேளுங்கள். அந்த நேரத்தில் வகுப்பில் யார் இருப்பார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள், ஆள் பற்றாக்குறை அங்கேதான் வெளிவரும். இங்கிலாந்தில் 3 வயதுக்காரர்களுக்குப் பொதுவாக 8 பேருக்கு ஒரு பெரியவர், தகுதிபெற்ற ஆசிரியர் இருந்தால் 13 வரை என்று விதி. 25 பேருக்கு ஒரு டீச்சர் என்றால் அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அது மேய்ப்பதுதான்.

"அடிப்பீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். "ஒரு குழந்தை இன்னொன்றைக் கடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். கடிபட்ட குழந்தையை முதலில் கவனிப்போம், சோப்புப் போட்டுக் கழுவுவோம், எழுதிவைப்போம், இரு வீட்டுக்கும் அன்றே சொல்வோம், கடித்தது யார் என்று மற்றவர்களிடம் சொல்ல மாட்டோம் என்று தடுமாறாமல் பதில் வந்தால் அங்கே முன்யோசனை இருக்கிறது. "எங்கள் பள்ளியில் அப்படி நடக்காது" என்பது மோசமான பதில். இரண்டு, மூன்று வயதில் கடிக்காத கூட்டம் கிடையாது.

சுவரில் குழந்தைகள் வண்ணம் தீட்டியதாக 20 ஆப்பிள் படம், இருபதும் கோட்டைத் தாண்டாத ஒரே சிவப்பு என்றால் அது டீச்சரின் கைவேலை. மூன்று வயதில் எழுத்து எழுதுகிறார்கள் என்று பெருமைப்படும் பள்ளியிலும் கவனம். பெரும்பாலான குழந்தைகள் வட்டத்தைப் பார்த்து வரைவது 3 வயதில், கூட்டல் குறி 4 வாக்கில், முக்கோணம் 5 வாக்கில். அதற்கு முன் எழுதவைத்தால் பென்சிலை முஷ்டியில் இறுக்கிப் பிடித்துப் பழகும், பிறகு மாற்றுவது பெரும்பாடு. மணல், மாவு உருண்டை, கத்தரிக்கோல், மணி கோர்ப்பது, இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மணிக்கொரு போட்டோ அனுப்பச் சொல்லி டீச்சர்களை விரட்டும் பெற்றோரே, அந்தப் போட்டோ எடுக்கும் கை உங்கள் குழந்தையைப் பிடித்திருக்க வேண்டிய கை. படம் வரவில்லை என்று புகார் எழுதுகிறவர்கள், டீச்சர் எத்தனை மாதமாக வேலையில் இருக்கிறார் என்று கேட்பதில்லை. போன வருட டீச்சர்களில் எத்தனை பேர் இந்த வருடமும் இருக்கிறார்கள் என்பதை அட்மிஷனுக்கு முன் கேளுங்கள்.

சேர்த்த பிறகு முதல் வாரம் அரை நேரம் விட ஒத்துக்கொள்கிறார்களா பாருங்கள். சொல்லாமல் நழுவாதீர்கள், சொல்லிவிட்டு உடனே கிளம்புங்கள். நீங்கள் போன பிறகு எவ்வளவு நேரம் அழுதது என்று மாலையில் கேளுங்கள். ஒரு மாதம் கழித்து, வீட்டில் குழந்தை பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து டீச்சர் விளையாட்டு விளையாடும். அப்போது பக்கத்து அறையில் நின்று, எந்தக் குரலில் பேசுகிறது என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.