அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில், புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் 2023இன் முதல் தேர்வு பிரைஸ் யங். அவரை பஸ்ட் (எதிர்பார்ப்பைப் பொய்யாக்கிய தேர்வு) என்று சொல்லலாமா?

2024இல் இரண்டே ஆட்டத்தில் உட்கார வைத்ததை வைத்துச் சொல்ல முடியாது. அவரைப் போன்ற குவார்ட்டர்பேக்குக்கு (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) மூன்று சீசனாவது வேண்டும்.

பெரும்பாலும் கோளாறு சுற்றியிருப்பவர்களிடம்தான். 2005இல் 49ர்ஸ் அணி முதல் தேர்வாக எடுத்த அலெக்ஸ் ஸ்மித்துக்கு, வருஷத்துக்கு ஒரு தாக்குதல் பயிற்சியாளர். அவரே 2011 சீசனில் அதே 49ர்ஸை என்எஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார்.

ஒன்று பாருங்கள்: மூன்றாவது சீசன் முடிந்ததும், டிராஃப்டின் முதல் சுற்றில் எடுத்த வீரரை ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் உரிமையை அணி பயன்படுத்துகிறதா? இல்லையென்றால் அணியே கைகழுவுகிறது.

அப்போதும் அவசரம் வேண்டாம். 2018இல் மூன்றாவதாக எடுத்த சாம் டார்னால்டை ஜெட்ஸ் அணி மூன்றே சீசனில் அனுப்பியது; 2024இல் அவர் ஆடிய வைக்கிங்ஸ் அணிக்கு 14 வெற்றி! ஜெட்ஸ் கணக்கில் மட்டும் பஸ்ட்.

ஜமார்கஸ் ரசல் (2007, முதல் தேர்வு, தொடங்கிய 25 ஆட்டங்களில் 7 வெற்றி) விஷயத்தில் விவாதமே இல்லை.