குழு மடல் திரும்பி வருகிறதா? கேள்வி பதில்

கே (குடியிருப்போர் சங்கச் செயலாளர்): 200 பேருக்கு ஒரே குழுவாக மெயில் அனுப்புகிறேன். ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து திரும்பி வருகின்றன. அவர்களை நீக்கிவிடலாமா சார்?

ப: அவசரப்படாதீர்கள். திரும்பி வந்த மடலைத் திறந்து உள்ளே இருக்கும் எண்ணைப் பாருங்கள். 550 5.1.1 என்றால் அப்படியொரு முகவரியே அங்கே இல்லை, நீக்கலாம். வேலை மாறியவர்களின் பழைய அலுவலக முகவரிகள்தான் பெரும்பாலும் இதில் சிக்கும். இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் கூகுளும் அழிக்கத் தொடங்கியது. 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது. ஆள் இருக்கிறார், போனில் சொல்லுங்கள். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடங்கல். சர்வரே நான்கைந்து நாள்வரை மறுபடி முயலும். 5.7 என்று வந்தால் பெரும்பாலும் அனுப்பும் பக்கத்தில்தான் கோளாறு.

கே: அவுட்லுக் தொடர்புப் பட்டியலில் (கான்டாக்ட்ஸ்) ஒருவர் முகவரியை மாற்றிவிட்டேன். ஆனாலும் பழைய முகவரிக்கே போகிறது.

ப: கிளாசிக் அவுட்லுக்கில் குழு தனக்கென ஒரு நகல் வைத்திருக்கும். குழுவைத் திறந்து 'அப்டேட் நவ்' அழுத்துங்கள். பெயரைத் தட்டும்போது பரிந்துரையிலும் பழைய முகவரி வரும், பக்கத்தில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் போய்விடும்.

கே: திரும்பி வரும் முகவரி என் குழுவிலேயே இல்லையே?

ப: குழுவுக்குள் இன்னொரு குழு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், உறுப்பினர் யாரோ தன் மடல்களைப் பழைய முகவரிக்கு ஃபார்வர்ட் செய்து வைத்திருக்கிறார்.

கே: எனக்கும் 12 பேர் திரும்புகிறார்கள். நீக்கலாமா?

ப: முதல் பதிலைப் படியுங்கள். எண்ணைப் பாருங்கள்.

கே (ஒரு மெயிலிங் லிஸ்ட் நிர்வாகி): இவ்வளவு யோசிப்பானேன்? ஒருமுறை திரும்பினாலே தூக்கிவிட வேண்டும். இல்லையென்றால் ஜிமெயில் நம்மை ஸ்பாமில் தள்ளும்.

ப: இல்லாத முகவரிக்கு விடாமல் அனுப்பினால் பெயர் கெடும், அது சரி. ஆனால் 2014 ஏப்ரலில் யாகூ தன் டிமார்க் கொள்கையை (தன் பெயரில் வரும் மடல் உண்மையில் தன்னிடமிருந்து வராவிட்டால் என்ன செய்வது என்று மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் விதி) 'நிராகரி' என்று மாற்றியபோது என்ன நடந்தது? யாகூ உறுப்பினர் லிஸ்டுக்கு எழுதுவார். லிஸ்ட் சர்வர் அதை அவர் பெயரிலேயே மற்றவர்களுக்கு அனுப்பும். ஜிமெயில் போன்றவை 'இது யாகூவிலிருந்து வரவில்லை' என்று திருப்பிவிடும். அந்தப் பவுன்ஸ் (திரும்பி வந்த மடல்) எழுதியவர் கணக்கில் ஏறவில்லை, வாங்க வேண்டியவர்கள் கணக்கில் ஏறியது. முகவரி சரியாக இருந்தவர்களே லிஸ்டிலிருந்து கழன்றார்கள்.

கே (அதே நிர்வாகி): அது பழைய கதை.

ப: இல்லை, டிமார்க் இன்றும் அப்படித்தான் வேலை செய்கிறது. அதற்காகத்தான் 'ஃப்ரம்' வரியில் லிஸ்டின் முகவரியைப் போடும் வசதியை, லிஸ்ட் நடத்தும் மென்பொருளான மெயில்மேன் கொண்டுவந்தது, அதைப் போட்டுவையுங்கள். மெயில்மேனும் ஒரு பவுன்ஸுக்கு யாரையும் தூக்குவதில்லை. இயல்பு அமைப்பில் பவுன்ஸுக்கு நாளுக்கு ஒரு புள்ளிக்கு மேல் எண்ணாமல், 5 புள்ளி சேர்ந்த பிறகுதான் விநியோகத்தை நிறுத்தும். நீங்கள் கையால் தூக்கினால், தூக்கப்பட்டவருக்கு அது தெரியாமலே போகலாம்.

கே: வாட்ஸாப் குழுவில் நம்பர் மாறியவர்களை என்ன செய்வது?

ப: அது என் துறை இல்லை.

கே: 5.1.1 வந்த மூன்று பேரை நீக்கிவிட்டேன். புது முகவரிக்கு என்ன வழி?

ப: அவர்களைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். குழுவுக்கே எழுதிக் கேட்பதானால் எல்லாரையும் பிசிசி-யில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத வரி) போடுங்கள். 'டூ'-வில் போட்டால் 200 பேர் முகவரியும் எல்லார் கைக்கும் போய்விடும்.