பழைய காரின் பவர் டிக்கி கதவு பழுது: விற்ற கடை பொறுப்பேற்குமா?

கேள்வி: பழைய கார் விற்கும் கடையில், 6 ஆண்டு ஓடிய எஸ்யூவி ஒன்றை 11.5 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். பட்டனை அழுத்தினால் தானே திறந்து மூடும் டிக்கி கதவு, 12ஆம் நாள் முதல் பாதியில் நின்று பீப் அடிக்கிறது. கடை தந்த பரிசோதனைத் தாளில் 'டிக்கி: நன்றாக இயங்குகிறது' என்று உள்ளது. பில்லிலோ 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைக் காட்டியே கைவிரிக்கிறார்கள். வழி உண்டா?

பதில்: உண்டு. அந்தப் பரிசோதனைத் தாளைப் பத்திரப்படுத்துங்கள். 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகம் சொல்லாத உத்தரவாதங்களை விலக்கலாம். எழுதிக் கொடுத்த தவறான தகவலைக் காப்பாற்றாது. பொருளின் தரம் பற்றிப் பொய்யாகச் சொல்வது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

விற்ற நாளிலேயே பழுது இருந்ததா என்பதில்தான் வழக்கு நிற்கும். எனவே காரணம் எழுத்தில் கிடைக்கும்வரை எதையும் மாற்றாதீர்கள். வெளி எலக்ட்ரீஷியன் கை வைத்துவிட்டால், 'நீங்கள்தான் கெடுத்தீர்கள்' என்பார்கள்.

முதலில் பேட்டரியைப் பாருங்கள். நல்ல சார்ஜில் சுமார் 12.6 வோல்ட் காட்டும், 12.2க்குக் கீழே போனால் கதவு தடுமாறலாம். அண்மையில் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருந்தால், சில மாடல்களில் கதவின் திறப்பு அளவை மீண்டும் பதியவைக்க வேண்டும். முறை உரிமையாளர் கையேட்டில் இருக்கும். இதோடு சரியானால் வழக்கு வேண்டாம்.

சரியாகவில்லையா? கூரைக்கும் கதவுக்கும் நடுவே ரப்பர் குழாய்க்குள் செல்லும் வயர்கள், ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் மடிந்து மடிந்து உள்ளேயே அறுந்துபோகலாம். பல ஆண்டுத் தேய்மானம் அது, 12 நாளில் வராது, உங்களுக்குச் சாதகம். அடுத்து, கதவைக் கழற்றி மாட்டிய தடயம் உண்டா என்று கீல் போல்ட்டுகளைப் பாருங்கள். அவற்றில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, டிக்கி ஓரத்து இடைவெளி இருபுறமும் சமமா என்று பாருங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன் இருக்கும். பின்பக்கம் மட்டும் 300ஐத் தாண்டினால், மறைக்கப்பட்ட விபத்தாக இருக்கலாம். அப்போது டிக்கியோடு நிற்காது, முழு விற்பனையையும் கேள்வி கேட்கலாம்.

அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஸ்கேன் செய்து, பிழைக் குறியீடுகள், பழுதின் காரணம், எஸ்டிமேட் ஆகியவற்றைக் கையெழுத்துடன் வாங்குங்கள். ஜாப் கார்டில் கிலோமீட்டர் அளவும் தேதியும் இருக்கட்டும். கடையின் இணைய விளம்பரத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்; நீக்கிவிடுவார்கள்.

பிறகு 15 நாள் கெடு வைத்து, ஒப்புகையுடன் தபாலில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார். 50 லட்சம் வரை அங்கேயே விசாரிக்கலாம். கொடுத்த விலையை வைத்தே கட்டணம் என்பதால் உங்களுக்கு 400 ரூபாய். வக்கீல் கட்டாயமில்லை. காலவரம்பு 2 ஆண்டு. கடை காரணத்தை மறுத்தால், அதே சட்டத்தின் பிரிவு 38இன் கீழ் ஆய்வகப் பரிசோதனை கோரலாம். புகார் கொடுக்கும் முன், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் அழைத்துப் பாருங்கள். சில கடைகள் அங்கேயே சமரசத்துக்கு வந்துவிடும்.

டிக்கி பழுதுக்காக மட்டும் முழுப் பணத்தைக் கேட்காதீர்கள், கிடைப்பது கடினம். பழுதுபார்ப்புச் செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள். விபத்தை மறைத்தது நிரூபணமானால் காரைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கோரலாம்.