எண் = எண் + 1: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 43. எக்செல் எனக்கு நன்றாகப் பழகிய கருவி. பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டதால், மாலை நேரங்களில் பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கலாம் என்று ஓர் இணைய வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாம் பாடத்திலேயே நின்றுவிட்டேன்.

'எண் = எண் + 1' என்று ஆசிரியர் எழுதினார். இரண்டு பக்கமும் எண்ணை நீக்கினால் 0 = 1 என்று வருகிறதே, இது எப்படிச் சரியாகும் என்று கேட்டேன். "அது அப்படித்தான், போகப் போகப் புரியும்" என்றார். புரியவில்லை. பிறகு நானே ஒரு சிறு நிரல் எழுதிப் பார்த்தேன்:

விலை = 200
எண்ணிக்கை = 3
மொத்தம் = விலை * எண்ணிக்கை
விலை = 250

இதற்குப் பின் மொத்தத்தை அச்சிடச் சொன்னால் 600 என்றே வருகிறது. 750 அல்லவா வர வேண்டும்? எக்செல்லில் விலையை மாற்றினால் மொத்தம் தானாக மாறிவிடுமே. மதிப்பைத் தாங்கும் இந்த மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைத்ததால் வந்த கோளாறோ என்றும் சந்தேகம்.

வகுப்பில் உள்ள இளைஞர்கள் இதையெல்லாம் தயக்கமின்றிக் கடந்துபோகிறார்கள். நிரல் எழுதும் மூளை பிறவியிலேயே வருவது, சிலருக்குத்தான் உண்டு என்று ஒருவர் சொன்னார். அது உண்மையா? உண்மையென்றால் இப்போதே விட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

க. ச., ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

விட்டுவிடாதீர்கள். உங்கள் மறுப்பு முற்றிலும் நியாயமானது. இயற்கணிதத்தில் அந்த வரிக்குத் தீர்வே கிடையாது. அதைக் கண்டதும் மனம் உறுத்துகிறதென்றால் வரியை உண்மையிலேயே படித்திருக்கிறீர்கள் என்று பொருள். "போகப் போகப் புரியும்" என்ற பதில்தான் எனக்கு வருத்தமளிக்கிறது. முதல் நாளே நிதானமாகச் சொல்லிவிட வேண்டிய விஷயம் இது. சொல்லாமல் விட்டால், அடுத்து வரும் சுழற்சிகள், பட்டியல்கள், செயற்கூறுகள் எல்லாவற்றிலும் இந்த ஒரு குழப்பமே வேறு வேறு உருவத்தில் வந்து நிற்கும்.

பள்ளிக் கணக்கில் சமக்குறி ஓர் உண்மையைக் கூறுகிறது. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றே. நேற்றும் ஒன்றே, நாளையும் ஒன்றே. நிரலில் அதே குறி ஒரு வேலையைச் செய்யச் சொல்கிறது. கணினி முதலில் வலப்பக்கத்துக்குப் போகும். அங்குள்ள பெயர்களுக்கு அந்த நொடியில் என்ன மதிப்போ அதை எடுத்துக் கணக்குப் போட்டு, ஒரே ஒரு விடைக்கு வரும். அதன் பிறகுதான் இடப்பக்கம் வந்து, அங்குள்ள பெயருக்கு அந்த விடையைக் கொடுக்கும். எண்ணின் மதிப்பு 7 என்றால், வலப்பக்கம் 7 + 1, விடை 8. இனி எண் 8. வலப்பக்கத்து 'எண்' இப்போது எவ்வளவு என்று கேட்கிறது. இடப்பக்கத்து 'எண்' விடையை எங்கே வைப்பது என்று சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கணம் கடந்திருக்கிறது. அந்தக் கணத்தைப் பார்த்துவிட்டால் 0 = 1 என்ற முரண்பாடு எழாது.

இதை நீங்கள் தினமும் பேரேட்டில் எழுதிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். நேற்றைய இருப்போடு இன்றைய வரவைச் சேர்த்தால் இன்றைய இருப்பு. 'இருப்பு = இருப்பு + வரவு' என்பது அதே வரிதான்; தேதி மட்டும் எழுதப்படவில்லை. ஒரே ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். பேரேட்டில் நேற்றைய இருப்பு மேல் வரியில் பத்திரமாக நிற்கும். கணினியின் நினைவில் நிற்காது. புதிய மதிப்பு வந்ததும் அந்தப் பெயரிடம் பழையதைக் கேட்டுப் பெற வழியில்லை.

குழப்பத்துக்குக் குறியும் ஒரு காரணம். இரட்டைக் கோட்டுச் சமக்குறியை 1557இல் ராபர்ட் ரெக்கார்ட் தம் கணித நூலில் அறிமுகம் செய்தார். இணையான இரண்டு கோடுகளைவிடச் சமமானவை வேறில்லை என்பது அவர் சொன்ன காரணம். பிற்காலத்தில் அந்தக் குறி கணிதத்தில் சமத்தைச் சொல்லும் குறியாக நிலைத்தது. 1957இல் ஐபிஎம் 704 கணினிக்காக ஜான் பேக்கஸ் குழுவினர் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி, மதிப்பிருத்தலுக்கு, அதாவது ஒரு பெயருக்கு மதிப்பைக் கொடுப்பதற்கு, அதே குறியை எடுத்துக்கொண்டது. மதிப்பு இடப்பக்கம் போவதைக் காட்ட அம்புக்குறி பொருந்தியிருக்கும், ஆனால் அன்றைய துளையட்டை இயந்திரங்களில் அது கிடையாது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இந்தச் சிக்கலை உணர்ந்தவர்கள் உடனே வேறு வழி தேடினார்கள். அல்கால் மொழி முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் சேர்த்து ':=' என்று எழுதியது; பின்னால் பாஸ்கலும் அதையே பின்பற்றியது. 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமனியும் கர்ட்ஸும் கலைப்பாட மாணவர்களும் கற்கும்படி பேசிக் மொழியை உருவாக்கியபோது, ஒவ்வொரு மதிப்பிருத்தலுக்கும் முன்னால் 'லெட்' என்ற சொல்லை வைத்தார்கள். 'எண் இனி எண் + 1 ஆகட்டும்' என்று படித்தால் யாருக்கும் உறுத்தாது. புதியவர்கள் மேல் அக்கறை கொண்ட மொழி வடிவமைப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சொல்தான். ஆனால் 1970களில் சி மொழி வெறும் சமக்குறியோடு வந்து பரவியது. ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், பைத்தான் எல்லாம் அதன் வழியில் போய்விட்டன. இரண்டு மதிப்புகள் சமமா என்று கேட்பதற்கு இம்மொழிகளில் '==' என இரட்டைச் சமக்குறி போட வேண்டியிருக்கிறது.

அந்த ஒரு குறியின் வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நவம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் ஒரு பிரதியில் யாரோ இரண்டு வரிகளைச் செருகிவிட்டார்கள். பயனரின் எண் 0 தானா என்று சோதிப்பதுபோலத் தோன்றும் வரி அது. ஆனால் இருந்தது ஒற்றைச் சமக்குறி. சோதிப்பதற்குப் பதிலாக அந்த எண்ணை 0 ஆக்கிவிடும். லினக்ஸில் 0 என்றால் கணினியின் முழு அதிகாரம். முதன்மைக் களஞ்சியத்தில் அந்த மாற்றத்துக்கு உரிய பதிவு இல்லாததால் அது பரவும் முன்பே கண்டுபிடிக்கப்பட்டது. பைத்தானில் நிபந்தனைக்குள் ஒற்றைச் சமக்குறி போட்டால் நிரல் ஓடவே ஓடாது. அந்த விதத்தில் நீங்கள் தேர்ந்த மொழி உங்களைக் காக்கிறது.

இனி உங்கள் 600 ரூபாய்.

எக்செல் கட்டத்தில் நீங்கள் எழுதுவது சூத்திரம். அந்தக் கட்டம் சூத்திரத்தையே வைத்துக்கொண்டிருக்கும். அது சார்ந்திருக்கும் கட்டம் மாறும்போதெல்லாம் மீண்டும் கணக்கிடும். 1979இல் விசிகால்க் வந்த காலத்திலிருந்தே அட்டவணைச் செயலிகளின் உயிர் அதில்தான் இருக்கிறது. நிரலின் மாறி அப்படியன்று. மூன்றாம் வரியில் கணினி 200 * 3 என்று பெருக்கி 600ஐக் கண்டது. மொத்தத்துக்கு 600ஐக் கொடுத்தது. அந்த வரியோடு அதன் வேலை முடிந்தது. விலையிலிருந்தும் எண்ணிக்கையிலிருந்தும் வந்த தொகை இது என்ற செய்தி மொத்தத்திடம் இல்லை. அதனிடம் இருப்பது 600 என்ற எண் மட்டுமே. நான்காம் வரியில் விலை 250 ஆனது, அவ்வளவுதான். 750 வேண்டுமென்றால் விலையை மாற்றிய பிறகு பெருக்கல் வரியை மறுபடி எழுத வேண்டும். எக்செல்லில் நெடுநாள் பழகியவர்களுக்கு இது கூடுதலாகக் குழப்பும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கட்டங்கள் எந்த வரிசையில் இருந்தாலும் கவலையில்லை. இங்கே வரிசைதான் எல்லாமே.

வலப்பக்கத்துக் கணக்கிலும் உங்கள் எக்செல் பழக்கம் சில இடங்களில் இடறும். எக்செல்லில் =-3^2 என்று எழுதினால் 9 வரும். பைத்தானில் -3 ** 2 என்று எழுதினால் -9 வரும். அடுக்கை முதலில் கணக்கிட்டுவிட்டு, கழித்தல் குறியைப் பிறகு சேர்க்கிறது. முன்னுரிமை விதிகளை மனப்பாடம் செய்வதைவிட, ஐயம் வரும் இடத்திலெல்லாம் அடைப்புக்குறி போடுங்கள். அனுபவசாலிகளும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு பெட்டிக்கு 12 துண்டுகள், கையில் 50 துண்டுகள் என்றால் 50 // 12 நிறைந்த பெட்டிகள் 4 என்று சொல்லும். 50 % 12 மிச்சம் 2 என்று சொல்லும். இந்த இரண்டு செயற்குறிகளும் ஜவுளிக் கணக்குக்கு அன்றாடம் உதவும். விசைப்பலகையிலிருந்து வாங்கிய விலை, நீங்கள் எண்ணாக மாற்றும்வரை வெறும் எழுத்துச் சரம்தான். அந்த '200'ஐ 3ஆல் பெருக்கினால் 200200200 என்று வந்து நிற்கும். பைத்தான் அதைப் பிழை என்று சொல்லாது. சரத்தை மூன்று முறை ஒட்டித் தரும்.

பணக் கணக்கைப் பற்றியும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பைத்தானிடம் 0.1 + 0.2 கேட்டால் 0.30000000000000004 என்று சொல்லும். மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் முழுதாக எழுத முடியாததுபோல, பத்தில் ஒரு பங்கை, கணினி பயன்படுத்தும் 0, 1 மட்டுமே கொண்ட இருமத்தில் முழுதாக எழுத முடியாது. அந்தச் சிறு மிச்சம்தான் கடைசி இலக்கமாக வெளியே தெரிகிறது. தொகைகளைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொண்டு, அச்சிடும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். முழுமையாக்கலிலும் வேறுபாடு உண்டு: 2.5ஐ முழு எண்ணாக்கச் சொன்னால் எக்செல்லின் 'ரவுண்ட்' 3 தரும். பைத்தான் 3இன் 'ரவுண்ட்' 2 தரும். சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டை எண்ணுக்குத் தள்ளுகிறது. பட்டியல் தொகை எக்செல்லோடு ஒரு ரூபாய் வேறுபட்டால் முதலில் இங்கே பாருங்கள்.

பிறவி மூளை பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். அது எங்கிருந்தோ முளைத்த பேச்சன்று. லண்டன் மிடில்செக்ஸ் பல்கலைக்கழகத்தில் சயீத் தெனாதி என்ற ஆய்வாளர், நிரலாக்கம் கற்கத் தொடங்காத மாணவர்களுக்கு ஒரு வினாத்தாள் கொடுத்தார். அதிலிருந்த கேள்வி ஏறத்தாழ இதுதான்: அ = 10, ஆ = 20, பிறகு அ = ஆ. இப்போது அ எவ்வளவு, ஆ எவ்வளவு? உங்களை நிறுத்திய அதே வகை வரி! 2006இல் அவரும் அவருடைய வழிகாட்டி ரிச்சர்ட் போர்னாட்டும் எழுதிய கட்டுரை, யாருக்கு நிரலாக்கம் வரும், யாருக்கு வராது என்று பாடம் தொடங்கும் முன்பே இந்தத் தேர்வால் பிரித்துவிடலாம் என்ற தொனியில் அமைந்திருந்தது. கட்டுரை கல்லூரிகளெங்கும் பரவியது. கற்பிக்கச் சோம்பிய ஆசிரியர்களுக்கு இதைவிட வசதியான சாக்கு ஏது? ஆனால் 2014இல் போர்னாட்டே அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, இதன் அடிப்படையில் நிரலாக்கத் தகுதித் தேர்வு என்று ஒன்று அன்றும் இல்லை, இன்றும் இல்லை என வெளிப்படையாக எழுதினார். பரவிய வேகத்தில் அந்த மறுப்பு போய்ச் சேரவில்லை. உங்கள் வகுப்புத் தோழர் சொன்னது அந்தப் பழைய கட்டுரையின் எதிரொலியாக இருக்கலாம். அவரிடம் மறுப்பையும் சொல்லுங்கள்.

அந்தக் கேள்விக்குப் பைத்தானில் விடை 20, 20. நீங்களே இப்போது சொல்லியிருப்பீர்கள்: வலப்பக்கத்து 'ஆ'வின் மதிப்பு 20, அது 'அ'வுக்குப் போகிறது, 'ஆ' அப்படியே இருக்கிறது, 'அ'விடமிருந்த 10 போய்விட்டது.

திரைக்கு முன் உட்கார்ந்து இதைப் பழகாதீர்கள். ஒரு தாளில் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி கோடிட்டுக்கொள்ளுங்கள். நிரலின் ஒரு வரியைப் படியுங்கள், வலப்பக்கத்தைக் கணக்கிடுங்கள், இடப்பக்கத்துப் பெயருக்குரிய பத்தியில் பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். பிறகே அடுத்த வரி. கணினியை ஓட்டிப் பார்ப்பது கடைசியில்தான். தாளும் திரையும் வேறுபட்டால், எந்த வரியில் வேறுபட்டன என்று தேடிக் கண்டுபிடியுங்கள். நான் சொல்லிக்கொடுத்தவர்களில் இதைச் சலிக்காமல் செய்தவர்கள் யாரும் இந்தப் பாடத்தில் நின்றுபோனதில்லை.

முதல் பயிற்சியாக, இரண்டு மாறிகளின் மதிப்புகளை இடம் மாற்றிப் பாருங்கள். 'அ = ஆ' என்று எழுதி அடுத்த வரியில் 'ஆ = அ' என்று எழுதினால் மாறாது; ஏன் என்று தாள் காட்டிவிடும். அழியப்போகும் மதிப்பை முன்கூட்டியே மூன்றாவது ஒரு மாறியில் எடுத்துவைத்தால் வேலை நடக்கும். பைத்தானில் 'அ, ஆ = ஆ, அ' என்று ஒரே வரியிலும் எழுதலாம்; வலப்பக்கம் இரண்டையும் கணக்கிட்டு முடித்த பிறகே இடப்பக்கத்துக்கு வருவதால் அது பலிக்கிறது. முதலில் மூன்று மாறி வழியையே செய்யுங்கள்.

தமிழ்ப் பெயர்களால் எந்தக் கோளாறும் இல்லை. 2008இல் வந்த பைத்தான் 3 முதல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். 'விலை'யும் 'மொத்தம்' என்பதும் முழுக்கச் செல்லுபடியாகும். பெயரின் நடுவே இடைவெளி மட்டும் விடக்கூடாது; 'மொத்த விலை' என்று வேண்டுமானால் இரு சொற்களையும் அடிக்கோட்டால் இணைத்துவிடுங்கள். அந்த நாலு வரி நிரலில் கடைசியாகப் பெருக்கல் வரியை மறுபடி சேர்த்து ஓட்டிப் பாருங்கள், 750 வரும்.

அன்புடன்.