பிளாஸ்டிக்கும் வேற்றுக்கிரகத்தாரும்

அன்புள்ள ஐயா,

இவ்வளவு பெரிய பிரபஞ்சத்தில் வேறு யாரும் நம்மைக் கூப்பிடவே இல்லையே, முன்னேறிய நாகரிகங்கள் எல்லாம் தங்கள் பிளாஸ்டிக்காலேயே அழிந்திருக்குமோ என்று டீக்கடையில் ஒரு விவாதம். நமக்கும் அதுதான் கதியா?

ஒரு வாசகர், காங்கேயம்

அன்புள்ள நண்பருக்கு,

"எல்லாரும் எங்கே?" என்று இயற்பியலாளர் என்ரிகோ பெர்மி 1950இல் சாப்பாட்டு மேசையில் கேட்டதிலிருந்து நடக்கும் விவாதம் இது. அணுகுண்டு, கொள்ளைநோய் என்று ஆளுக்கொரு காரணம் சொல்லியாயிற்று. பிளாஸ்டிக்குக்கு அவ்வளவு வலு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மனித ரத்தத்தில் நுண்துகள் இருப்பதை 2022இல் காட்டிவிட்டார்கள், சரி. ஆனால் ஓர் இனத்தையே ஒழிக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை.

எனக்குப் பயம் வேறு. நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையைப் பற்றி உங்கள் ஊர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாசனத்துக்காக 1992இல் திறந்தார்கள். சில வருடங்களிலேயே அது திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கும் குட்டையானது. அணைத் தண்ணீரே வேண்டாம் என்று விவசாயிகள் சொல்லும் நிலை. 2011 ஜனவரியில் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை இழுத்தது. அந்த வருடங்களில் திருப்பூர் பனியன் ஏற்றுமதி பெரும்பாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. கிணறு கெட்டது ஆற்றின் கீழ்ப்பக்கம் இருந்தவருக்கு. அதே நொய்யல் கரையில் இரும்பு உருக்கி, கல்மணி செய்து வாழ்ந்த கொடுமணல் என்ற பழங்கால ஊர் மண்ணுக்குள் போனது, ஆறு பிழைத்தது. நாம் அதை அப்படியே திருப்பிப் போட்டோம்.

லாபம் ஒருவருக்கு, கேடு வேறொருவருக்கு என்று பிளாஸ்டிக்கும் இந்த வழியில்தான் வரும் என்று நினைக்கிறேன். 1950இல் உலகம் செய்தது 20 லட்சம் டன், இப்போது வருடத்துக்கு 40 கோடி டன்னுக்கு மேல். 2015 வரை குப்பையானதில் மறுசுழற்சி ஆனது சுமார் 9 சதவீதம்.

ஊரைச் சொல்வானேன், என் தோட்டத்துக்கு வருகிறேன். தர்பூசணிக்கு மல்ச்சிங் ஷீட், அதாவது மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு, விரித்தேன். களை இல்லை, தண்ணீர் மிச்சம், லாபம் அதே போகத்தில் கைக்கு வந்தது. அறுவடை முடிந்து ஷீட்டை உருவினால் பாதிதான் வந்தது. வெயிலில் மொறுமொறுத்துப் போயிருந்த மீதியை உழவு ஓட்டிய ரோட்டவேட்டர் மண்ணோடு கலந்துவிட்டது. இன்றும் ஒரு மழை பெய்தால் கறுப்புத் துணுக்குகள் மேலே வருகின்றன. மகன் பொறுக்குவான் என்று அன்றைக்கு நான் நினைத்திருக்க வேண்டும். அவன் பெங்களூரில் இருக்கிறான்.

இந்தப் போகத்துக்கு ஷீட்டுக்குப் பதில் கரும்புச் சோகை (காய்ந்த இலை) போடலாமா என்று விசாரித்தேன். ஏற்றிவரும் வண்டி வாடகையே ஷீட் விலையைத் தாண்டுகிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை.