தயக்கமும் மௌனமும்: பண்பாடு கடந்த உரையாடல் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பல நாட்டவர் சேர்ந்த குழுவை நடத்துகிறேன். ஒருவர் எதையும் மறுப்பதில்லை. ஆனால் குறித்த நாளில் வேலையை முடிப்பதும் இல்லை. அவரை நம்பலாமா?

பதில்: அவரது நேர்மையை ஐயுறுவதற்கு முன், அவர் வேறு வழியில் மறுத்திருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால் 1976-இல் விளக்கியபடி, சில சமூகங்களில் செய்தியின் பெரும்பகுதி சொற்களிலேயே அடங்கியிருக்கும்; வேறு சிலவற்றில் அது பேசுவோரின் உறவு, பதவி, சூழல், சொல்லாமல் விட்டவை ஆகியவற்றில் பரவிக் கிடக்கும். இரண்டாம் வகையில் வளர்ந்தவர், பலர் முன்னிலையில் மேலாளரிடம் ‘முடியாது’ என்பதை அவமதிப்பாகக் கருதக்கூடும். பதிலுக்கு முன் தயங்கியதும், ‘முயன்று பார்க்கிறேன்’ என்றதும், பேச்சை வேறொன்றுக்குத் திருப்பியதும் தம் மறுப்பைத் தெளிவாகவே உணர்த்திவிட்டன என்று அவர் நினைத்திருக்கலாம். ஆகவே ‘வெள்ளிக்கிழமைக்குள் முடியுமா?’ என்று அவையில் கேட்காமல், ‘இதற்கு எத்தனை நாள் வேண்டும், எங்கே தடை வரக்கூடும்?’ என்று தனியே கேளுங்கள். அவருக்கு வேலைச்சுமை மட்டுமே பிரச்சினையாக இருக்கவும் கூடும். எல்லாவற்றுக்கும் பண்பாட்டைக் காரணமாக்குவதும் ஒருவகை அலட்சியமே.

கேள்வி: நாடுகளின் பண்பாட்டை மதிப்பெண்களாகத் தரும் அட்டவணை ஒன்றைப் பயிற்சி வகுப்பில் தந்தார்கள். அதை எந்த அளவுக்கு நம்பலாம்?

பதில்: இவற்றுள் புகழ்பெற்றது, டச்சு ஆய்வாளர் கீர்த் ஹாஃப்ஸ்டீட் 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் திரட்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வினாத்தாள்களிலிருந்து உருவானது. அந்த எண்கள் நாடுகளின் சராசரிகளை ஒப்பிடுபவை. தனிமனிதரை அளக்க அவை உதவா என்று அவரே வலியுறுத்தினார். ஒரே நிறுவனத்தின் ஊழியர்களைக் கொண்டு ஒரு நாட்டையே கணிக்கலாமா என்ற எதிர்ப்பும் வலுவானது. எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று முன்கூட்டி யோசிக்க அட்டவணை பயன்படும். எதிரில் அமர்ந்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்று தீர்மானிக்க அதைக் கையில் எடுப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: இணையவழிக் கூட்டங்களில் நான் வாய் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசிவிடுகிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்களா?

பதில்: பெரும்பாலும் இருக்காது. பத்து மொழிகளின் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வில், கேள்வி முடிவதற்கும் பதில் தொடங்குவதற்கும் இடையிலான சராசரி இடைவெளி எல்லா மொழிகளிலும் அரை நொடிக்குள்ளேயே இருந்தது. அவ்வளவு குறுகிய இடத்தில், இணையத் தொடர்பின் சிறு தாமதமும், பிறமொழியில் வாக்கியத்தை அமைக்கும் நேரமும் சேர்ந்தாலே உங்கள் முறை கைநழுவிவிடும். பேசவேண்டியவற்றை முந்தைய நாளே எழுத்தில் அனுப்பவும், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கவும் தலைமை வகிப்பவரிடம் கோருங்கள்.

கேள்வி: ஒவ்வொரு நாட்டின் சைகைகளையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

பதில்: தேவையில்லை. பல்கேரியாவில் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவது இசைவைக் குறிக்கும். ஆனால் வெளிநாட்டவரோடு பழகியவர் உங்களுக்காக மாற்றியும் ஆட்டக்கூடும். வாய்மொழியாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கேள்வி: மறைமுகமாகப் பேசியதால் உயிராபத்து நேர்ந்ததுண்டா?

பதில்: 1990 ஜனவரி 25 அன்று, கொலம்பியாவிலிருந்து நியூயார்க்குக்கு வந்த அவியாங்கா 52 விமானம், வானில் நெடுநேரம் காத்திருந்து எரிபொருள் தீர்ந்து விழுந்ததில் 73 பேர் இறந்தனர். எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகத் தரையிலிருந்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களிடம் விமானிகள் சொன்னார்கள். ஆனால் அவசரநிலையை அறிவிக்கவில்லை. இதைப் பணிவின் விளைவு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். விசாரணை அறிக்கையோ, எரிபொருள் நிலையைத் தெரிவிக்க இரு தரப்பும் ஒரே பொருளில் புரிந்துகொள்ளும் தரப்படுத்திய சொற்கள் இல்லாததையும் ஒரு காரணமாகச் சுட்டியது. இந்தக் காரணத்துக்கே நான் கூடுதல் கவனம் தருவேன். ஏனெனில் ஒருவர் வளர்ந்த விதத்தை நம்மால் மாற்ற இயலாது, ஆனால் ஆபத்தில் எதைச் சொல்ல வேண்டும் என்று முன்பே உடன்பட இயலும். உங்கள் பணியிடம் ஆலையானாலும் மருத்துவமனையானாலும், அப்படியொரு சொல்லை எழுத்தில் வகுத்துக்கொள்ளுங்கள். மிக இளைய ஊழியர் அதைச் சொன்னாலும் வேலை உடனே நிறுத்தப்படும் என்பதை மேலதிகாரியே எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கட்டும்.